பப்பெட் மாட்யூலைத் திறமூலமாக வெளியிடுகிறோம்: பங்களிப்பு வழிகாட்டியில் எவற்றை எழுத வேண்டும்?

கேள்வி | பொருநை

அனைவருக்கும் வணக்கம்.

சர்வர்களின் உள்ளமைவைத் தானியக்கமாக நிர்வகிக்கும் பப்பெட் கருவிக்காக எழுதி, எங்கள் குழு அலுவலகத்துக்குள் பயன்படுத்தி வந்த மாட்யூல் (ஒரு வேலைக்கான நிரல் தொகுதி) ஒன்றைத் திறமூலமாக வெளியிட அனுமதி கிடைத்திருக்கிறது. காப்புப் பிரதி எடுக்கும் நிரலை நிறுவுவது, அதன் உள்ளமைவுக் கோப்பை எழுதுவது, எந்த நேரத்தில் எந்த அடைவுகளைப் பிரதி எடுக்க வேண்டும் என்பதை அமைப்பது ஆகியவை அதன் வேலைகள். டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் குடும்பம் ஆகியவற்றில் அது ஓடுகிறது.

பல ஆண்டுகளாகப் பலர் கைபட்ட மாட்யூல் என்பதால் ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு நடையில் இருக்கிறது. சில கோப்புகளில் டேப் இருக்கிறது, சிலவற்றில் நான்கு இடைவெளி இருக்கிறது, எல்லாச் சரங்களும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் கோப்பும் உண்டு. வெளியிலிருந்து பங்களிப்புகள் வரத் தொடங்குவதற்கு முன் ஒரு வழிகாட்டி எழுத வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. பப்பெட்டின் அதிகாரபூர்வ நடைக் கையேட்டில் உள்ள விதிகள் அனைத்தையும் எடுத்து எழுதி, அவற்றைப் பின்பற்றாத புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தை) ஏற்கக் கூடாது என்கிறார் ஒருவர். அவ்வளவு நீளமான ஆவணத்தை யாரும் படிக்க மாட்டார்கள், பத்து வரி போதும் என்கிறார் இன்னொருவர்.

மாட்யூல்களைப் பராமரித்த அனுபவம் உள்ளவர்கள், எந்த விதிகளில் கண்டிப்பாக நிற்க வேண்டும், எவற்றைப் பங்களிப்பவரிடம் கேட்பது நியாயம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 | மருதம்

வணக்கம் பொருநை. உங்கள் குழுவில் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. விதிகள் முழுமையாக இருக்க வேண்டும். ஆனால் அவை ஆவணத்தில் இருக்க வேண்டியதில்லை, கருவியின் அமைப்பில் இருந்தால் போதும்.

பப்பெட்-லின்ட் என்ற கருவி நடைக் கையேட்டின் பெரும்பகுதியைத் தானே சரிபார்க்கிறது. இரண்டு இடைவெளி உள்தள்ளல், டேப் கூடாது, வரியின் இறுதியில் வெற்றிடம் கூடாது, ஒரு வரி 140 எழுத்துகளைத் தாண்டக் கூடாது, மாறி இல்லாத சரத்துக்கு ஒற்றை மேற்கோள், ரிசோர்ஸின் (பப்பெட் நிர்வகிக்கும் கோப்பு, சேவை போன்ற ஒன்றின்) பண்புகளில், அது இருக்க வேண்டிய நிலையைச் சொல்லும் என்ஷூர் முதலில் வர வேண்டும் என்பன போன்றவற்றை மனிதர் ஒருவர் கண்ணால் தேடிச் சுட்டிக்காட்டுவது அவருடைய நேரத்துக்கும் எழுதியவருடைய பொறுமைக்கும் கேடு. லின்ட்டை எச்சரிக்கைக்கும் தோல்வி தரும்படி அமைத்துத் தானியங்கிச் சோதனையில் ஓட விடுங்கள். இடைவெளி, மேற்கோள் போன்ற பெரும்பாலான பிழைகளை அதன் திருத்தும் வசதியே சரிசெய்துவிடும். வழிகாட்டியில் ‘அனுப்பும் முன் இந்தக் கட்டளையை ஓட்டுங்கள்’ என்று கட்டளையோடு ஒரே வரி எழுதினால் போதும்.

விதிக்குக் காரணம் தெரிந்தால் மக்கள் அதை மனமுவந்து பின்பற்றுவார்கள் என்பதையும் கவனியுங்கள். கோப்பின் அனுமதியை '0644' என்று மேற்கோளுக்குள் நான்கு இலக்கமாக எழுதச் சொல்கிறோம். மேற்கோள் இல்லாமல் 0644 என்று எழுதினால் பப்பெட் அதை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ணாகப் படித்து 420 என்ற முழு எண்ணாக்கிவிடும். அதனால்தான் பப்பெட் 4 முதல், சரமாக இல்லாத அனுமதி மதிப்பு பிழையாகவே நிராகரிக்கப்படுகிறது. பண்புப் பட்டியலின் கடைசி வரியிலும் காற்புள்ளி வைக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. நாளை இன்னொருவர் புதிய பண்பு ஒன்றைச் சேர்க்கும்போது டிஃப்பில் (பழைய, புதிய வடிவங்களின் வேறுபாட்டைக் காட்டும் பட்டியலில்) அந்த ஒரு வரி மட்டுமே தெரியும். காற்புள்ளிக்காக மேல் வரியும் மாறியதாகத் தெரியாது. இதைச் சரிபார்க்க லின்ட்டுக்குத் தனிச் செருகுநிரல் இருக்கிறது.

ஏதோ ஓரிடத்தில் விதியை மீற வேண்டிய நியாயமான தேவை வரும். மிக நீண்ட கட்டளை வரியை உடைத்தால் படிக்க முடியாமல் போகலாம். அப்போது அந்த வரிகளுக்கு மட்டும் லின்ட்டை நிறுத்தி வைக்கும் கட்டுப்பாட்டுக் குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்பின் அருகிலேயே காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். மாட்யூல் முழுவதற்கும் ஒரு சோதனையை அணைத்துவிடும் மாற்றத்தைப் பராமரிப்பாளர்கள் கூடிப் பேசாமல் ஏற்காதீர்கள்.

லின்ட் பார்க்க முடியாதவற்றுக்குத்தான் வழிகாட்டியில் இடம் வேண்டும். ஒரு கமிட்டில் (கிட் வரலாற்றில் இடும் ஒரு பதிவில்) ஒரு மாற்றம் மட்டும் இருக்க வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. புதிய அளவுரு ஒன்றைச் சேர்க்கும் கமிட்டிலேயே நாற்பது வரிகளின் உள்தள்ளலும் மாறியிருந்தால், நடத்தை எங்கே மாறியது என்று ரிவ்யூ செய்பவர் தேடித் திணற வேண்டியிருக்கும். உள்ளமைவு மேலாண்மையில் இது மற்ற நிரல்களைவிடக் கூடுதல் ஆபத்து. கண்ணில் படாமல் நழுவிய ஒரே வரி, அடுத்த ஓட்டத்தில் அந்த மாட்யூலைப் பயன்படுத்தும் எல்லாச் சர்வர்களிலும் போய் உட்கார்ந்துவிடும்.

கமிட் செய்தியின் முதல் வரி சுருக்கமாக, ஐம்பது எழுத்துகளை ஒட்டி இருக்கட்டும். அடுத்து ஒரு வெற்று வரி விட்டு, மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை எழுதச் சொல்லுங்கள். என்ன மாறியது என்பதை டிஃப்பே காட்டும். ரெட் ஹேட்டின் குறிப்பிட்ட பதிப்பில் தொகுப்பின் பெயர் மாறியதால் இந்தத் திருத்தம் என்பது போன்ற செய்தி வேறெங்கும் பதிவாகாது.

பதில் 2 | கடைமடை

மருதம் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரு விதியைப் பற்றி மட்டும் எச்சரிக்க விரும்புகிறேன்.

பண்புகளின் => குறிகள் அனைத்தும் ஒரே நெடுக்கில் நிற்க வேண்டும் என்று நடைக் கையேடு சொல்கிறது; லின்ட்டும் அதைக் கேட்கிறது. படிக்க அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் மற்றவற்றைவிட நீளமான பெயருடைய பண்பு ஒன்றைச் சேர்த்தால், அந்த ரிசோர்ஸில் உள்ள எல்லா வரிகளையும் நகர்த்த வேண்டியிருக்கும். ஒரு வரி மாற்றம் டிஃப்பில் எட்டு வரி மாற்றமாகத் தெரியும். டிஃப் சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைசிக் காற்புள்ளியை வற்புறுத்தும் அதே கையேட்டில், டிஃப்பைப் பெரிதாக்கும் இந்த விதியும் இருக்கிறது. இரண்டு கிளைகளில் இரண்டு பேர் ஒரே ரிசோர்ஸைத் தொட்டால் தேவையற்ற மெர்ஜ் மோதலும் வரும்.

ஆகவே அந்தச் சோதனையை உங்கள் மாட்யூலில் அணைத்து வைப்பதை யோசிக்கலாம் என்பது என் கருத்து. தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதி வழியில் மாற்றினால் இரண்டு பக்கத்துத் தீமையும் வந்து சேரும்.

பதில் 3 | மருதம்

கடைமடை சொல்லும் சிக்கல் உண்மையானதுதான். இருந்தாலும் நான் அந்த விதியை வைத்துக்கொள்ளவே பரிந்துரைப்பேன். பப்பெட் உலகில் இருக்கும் பெரும்பாலான பொது மாட்யூல்கள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மாட்யூலுக்குப் பங்களிப்பவர் வேறு மாட்யூல்களுக்கும் பங்களிப்பவராக இருப்பார். அவருடைய எடிட்டர் தானாகவே குறிகளை வரிசைப்படுத்திவிடும். நீங்கள் அணைத்து வைத்திருந்தால் அவர் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருக்கும். ரிவ்யூவின்போது இடைவெளி மாற்றங்களை மறைத்துப் பார்க்கும் வசதி கிட்டிலும் கிட்ஹப்பிலும் இருக்கிறது. அதை இயக்கினால் அந்த எட்டு வரி மீண்டும் ஒரு வரியாகிவிடும். மெர்ஜ் மோதலுக்கு இது மருந்தாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 4 | குறிஞ்சி

இடைவெளியைப் பற்றியும் குறிகளைப் பற்றியும் பேசியாயிற்று. நான் அளவுருக்களைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் பங்களிப்பு வழிகாட்டியின் பாதி இடம் அவற்றுக்கே உரியது.

மாட்யூலின் பொது கிளாஸ் (ரிசோர்ஸ்களின் பெயரிட்ட தொகுப்பு) ஒன்றில் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அளவுருவும், உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய ஹியரா தரவிலோ (அளவுருக்களின் மதிப்புகளை நிரலிலிருந்து பிரித்து வைக்கும் இடத்திலோ) கிளாஸ் அறிவிப்பிலோ எழுதப்படப் போகிறது. அதன் பெயரை மாற்றினால், அது கட்டாய அளவுருவாகவோ கிளாஸ் அறிவிப்பில் நேரடியாக எழுதப்பட்டதாகவோ இருக்கும்போது, அவருடைய கேட்டலாக் (சர்வர் இருக்க வேண்டிய நிலையின் பட்டியல்) தொகுக்கப்படாமல் நின்றுவிடும். அதைவிட மோசமானது இயல்பு மதிப்பை மாற்றுவது, ஏனென்றால் எங்கும் பிழைச் செய்தி வராது. பப்பெட் முகவர் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். நீங்கள் மாற்றிய இயல்பு மதிப்பு அரை மணி நேரத்துக்குள் அவருடைய எல்லாச் சர்வர்களிலும் நடைமுறைக்கு வந்துவிடும். பழைய பிரதிகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற அளவுருவின் இயல்பு மதிப்பு 90-இலிருந்து 30-ஆகக் குறைந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். காப்புப் பிரதி எடுக்கும் மாட்யூலில் அது தரவு இழப்பு. எனவே இயல்பு மதிப்பை மாற்றும் எந்தப் புல் ரிக்வெஸ்ட்டும் முதன்மைப் பதிப்பெண்ணை உயர்த்தும் மாற்றமாகவே கருதப்படும் என்று வழிகாட்டியில் வெளிப்படையாக எழுதுங்கள். ஆதரிக்கும் பப்பெட் பதிப்பையோ இயங்குதளப் பதிப்பையோ பட்டியலிலிருந்து நீக்குவதும் அதே வகைதான், அந்த இயங்குதளத்தின் ஆயுள் முடிந்துபோயிருந்தாலும்கூட.

புதிய அளவுரு சேர்ப்பவரிடம் தரவு வகையைக் கட்டாயம் கேளுங்கள். வெறும் சரம் என்று அறிவிப்பதைவிட, முழுப் பாதை, போர்ட் எண், அனுமதிக்கப்பட்ட சில சொற்களில் ஒன்று என்று எவ்வளவு குறுக்கி அறிவிக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஸ்டாண்டர்டு லைப்ரரி மாட்யூலில் இதற்கான வகைகள் ஆயத்தமாக இருக்கின்றன. வகை சரியாக இருந்தால், தவறான மதிப்பு சர்வரை எட்டுவதற்கு முன்பே தொகுப்பு நிலையில் பிடிபடும். கட்டாய அளவுருக்கள் முதலிலும், இயல்பு மதிப்புடையவை பின்னரும் வர வேண்டும்.

உங்கள் மாட்யூலில் பிரதிக் களஞ்சியத்தின் கடவுச்சொல் ஓர் அளவுருவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு, மதிப்பை மறைத்துக் காட்டும் சென்சிட்டிவ் வகையைக் கட்டாயமாக்குங்கள். அது இல்லாமல், டிஃப் காட்டும் அமைப்பும் இயக்கப்பட்டிருந்தால், உள்ளமைவுக் கோப்பு மாறும்போது கடவுச்சொல் பதிவேட்டிலும் ஓட்ட அறிக்கையிலும் வெளிப்படையாகப் பதிவாகிவிடும். இதை லின்ட் கண்டுபிடிக்காது, சோதனைகளும் கண்டுபிடிக்காது. ரிவ்யூ செய்பவர்தான் பார்க்க வேண்டும்.

இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும் மதிப்புகளை எங்கே வைப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். சர்வரின் கடிகாரத்தைச் சரியாக வைக்கும், எல்லோருக்கும் பழக்கமான குரோனியை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனில் சேவையின் பெயர் வெறும் குரோனி; ரெட் ஹேட்டில் அதன் இறுதியில் ஒரு ‘டி’ சேரும். உள்ளமைவுக் கோப்பும் டெபியனில் தனி அடைவுக்குள் இருக்கும், ரெட் ஹேட்டில் நேராக ஈடிசி அடைவில் இருக்கும். முன்பெல்லாம் இத்தகைய வேறுபாடுகளை பாரம்ஸ் என்ற கிளாஸில் பெரிய கேஸ் அமைப்பாக எழுதுவோம். ஹியரா 5 வந்த பிறகு, மாட்யூலுக்குள்ளேயே தரவு அடைவு வைத்து, இயங்குதளக் குடும்பத்துக்கு ஒரு யாமல் கோப்பு என்று பிரித்துவிடலாம். புதிய இயங்குதளத்துக்கு ஆதரவு சேர்க்க வருபவர் பெரும்பாலும் ஒரு யாமல் கோப்பையும் மெட்டாடேட்டாவில் (மாட்யூலின் பதிப்பெண்ணும் ஆதரிக்கும் இயங்குதளங்களும் எழுதப்பட்ட கோப்பில்) ஒரு பதிவையும் சேர்த்தால் போதும். நிரலைத் தொடவே வேண்டாம். புதியவர்களுக்கு இதைவிட எளிதான நுழைவாயில் கிடையாது.

வெளியார் பயன்படுத்தக் கூடாத உள் கிளாஸ்களை அப்படியே அறிவித்து, நேரடியாக அழைத்தால் தோல்வியடையும்படி செய்துவிடுங்கள். நிறுவுதல், உள்ளமைத்தல், சேவை என்ற மூன்று உள் கிளாஸ்களையும் நீங்கள் பின்னாளில் விருப்பம்போல மாற்றி எழுத அந்தப் பாதுகாப்புதான் உரிமை தரும்.

பொது அளவுரு ஒவ்வொன்றுக்கும் பப்பெட்-ஸ்டிரிங்ஸ் படிக்கும் வடிவில் விளக்கக் குறிப்பு வேண்டும். அதிலிருந்து ரெஃபரன்ஸ் கோப்பு தானாக உருவாகும் என்பதால், அந்தக் கோப்பைக் கையால் திருத்தி வரும் புல் ரிக்வெஸ்ட்டைத் திருப்பி அனுப்பலாம்.

பதில் 5 | வெண்ணாறு

சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆர்ஸ்பெக்-பப்பெட் அலகுச் சோதனைகளை, மெட்டாடேட்டாவில் அறிவித்த எல்லா இயங்குதளங்களுக்கும் சுழற்சியில் ஓடும்படி எழுதுங்கள். அந்தந்த இயங்குதளத்தின் ஃபேக்ட் மதிப்புகளை (கணினியைப் பற்றிப் பப்பெட் திரட்டும் தகவல்களை) தரும் ஆயத்தத் தொகுப்பு இருக்கிறது. ஆகவே டெபியன் சர்வரே இல்லாதவரும் டெபியனுக்கான கேட்டலாக் தொகுக்கப்படுகிறதா என்று தம் மடிக்கணினியில் பார்த்துவிடலாம். புதிய அளவுருவுக்கு, இயல்பு மதிப்போடு ஒரு சோதனையும் மாற்றிய மதிப்போடு ஒரு சோதனையும் கேட்பது நியாயமான கோரிக்கை. பிழைத்திருத்தம் என்றால், திருத்தத்துக்கு முன் தோல்வியடைந்து பின் வெற்றி பெறும் சோதனை வேண்டும்.

அலகுச் சோதனை கேட்டலாக்கை மட்டுமே பார்க்கும். மாட்யூல் உண்மையில் வேலை செய்கிறதா என்பதற்கு ஏற்புச் சோதனை வேண்டும்: கன்டெய்னரிலோ மெய்நிகர் கணினியிலோ மேனிஃபெஸ்ட்டை (பப்பெட் நிரல் கோப்பை) ஓட்டி, பிறகு அதையே இரண்டாம் முறை ஓட்டி, இரண்டாம் ஓட்டத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். என் பார்வையில் வழிகாட்டியின் மிக முக்கியமான விதி இந்த இரண்டாம் ஓட்டம்தான்.

இதில் அடிக்கடி வழுக்கும் இடம், ஒரு கட்டளையை ஓட்டும் எக்ஸெக் ரிசோர்ஸ். களஞ்சியத்தைத் தொடங்கும் கட்டளையை ஒருவர் எக்ஸெக்கில் எழுதி, ஏற்கெனவே தொடங்கப்பட்டதா என்று பார்க்கும் நிபந்தனையைச் சேர்க்காமல் விட்டால், அது ஒவ்வோர் ஓட்டத்திலும் இயங்கும். அந்த எக்ஸெக்கிலிருந்து சேவைக்கு ~> என்ற அறிவிப்புத் தொடர்பும் இருந்துவிட்டால், நாளொன்றுக்கு 48 முறை சேவை மறுதொடக்கம் ஆகும். பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்திலும்தான். அன்லெஸ், ஒன்லிஇஃப், கிரியேட்ஸ், ரெஃப்ரெஷ்ஒன்லி ஆகிய நான்கில் ஒன்றாவது இல்லாத எக்ஸெக்கை ஏற்பதில்லை என்று எழுதிவிடுங்கள்.

2023-இல் வந்த பப்பெட் 8, பழைய பாணி ஃபேக்ட் பெயர்களை இயல்பாக அனுப்புவதில்லை; முன்பு எச்சரிக்கையோடு விட்டவற்றை இப்போது பிழையாக நிறுத்தும்படி கண்டிப்பு நிலையும் அதில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. உங்கள் மாட்யூல் பழையது என்பதால் வெளியீட்டுக்கு முன் இதைத் தேடிப் பார்ப்பது நல்லது. பழைய ஃபேக்ட்களைக் கண்டுபிடித்து மாற்றித் தரும் லின்ட் செருகுநிரலும் உண்டு. பப்பெட் மாட்யூல்களைக் கூட்டாகப் பராமரிக்கும் வாக்ஸ் புப்புலி சமூகம் பப்பெட்டிலிருந்து பிரித்து நடத்தும் ஓப்பன்வாக்ஸ் கிளைக்கு மாறியவர்களும் உங்கள் மாட்யூலைப் பயன்படுத்துவார்கள் என்பதால் சோதனைப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 6 | பொருநை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இயல்பு மதிப்பைப் பற்றிக் குறிஞ்சி சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாத கோணம். பழைய பிரதிகளை நீக்கும் அளவுரு எங்களிடமும் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பை வெளியீட்டுக்கு முன் ஒரு முறை தீர ஆலோசித்துவிடுகிறோம். => வரிசையை வைத்துக்கொள்வதென்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம்; கடைமடை சொன்ன மெர்ஜ் மோதல் எங்கள் அளவுக்குத் தாங்கக் கூடியதே என்று தோன்றுகிறது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. இப்போது லின்ட்டை ஓட்டினால் எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. வெளியீட்டுக்கு முன்பே எல்லாவற்றையும் திருத்தினால், கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் வசதியில்) எல்லா வரிகளுக்கும் திருத்தியவர் பெயரே வந்து பழைய வரலாறு மறைந்துவிடாதா? மாற்றப் பட்டியலையும் பதிப்பெண்ணையும் பங்களிப்பவரே திருத்த வேண்டும் என்று கேட்கலாமா?

பதில் 7 | மருதம்

முதலில் பதிப்பெண். அதைப் பங்களிப்பவரிடம் கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஐந்து புல் ரிக்வெஸ்ட்டும் மாற்றப் பட்டியலின் தலைப்பகுதியையும் மெட்டாடேட்டாவின் பதிப்பெண்ணையும் தொட்டால், ஒன்றை ஏற்றதும் மற்ற நான்கும் மோதலில் நிற்கும். அடுத்த வெளியீட்டின் எண் என்ன என்பது அதில் சேரப் போகும் எல்லா மாற்றங்களையும் பார்த்த பிறகே தெரியும். வாக்ஸ் புப்புலி மாட்யூல்களில், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் பராமரிப்பாளர் லேபிள் இடுகிறார்: பிழைத்திருத்தம், மேம்பாடு, பழையதோடு ஒவ்வாதது என்று. வெளியீட்டின்போது அந்த லேபிள்களிலிருந்தும் தலைப்புகளிலிருந்தும் மாற்றப் பட்டியல் தானாக உருவாகிறது. எனவே பங்களிப்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, பயனருக்குப் புரியும்படியான ஒரு நல்ல தலைப்பு மட்டுமே.

லின்ட் எச்சரிக்கைகளை வெளியீட்டுக்கு முன்பே திருத்திவிடுங்கள். சிறிது சிறிதாகத் திருத்தலாம் என்று விட்டால், வருகிற ஒவ்வொருவரும் தாம் தொட்ட கோப்பைத் தம் மாற்றத்தோடு சேர்த்துத் திருத்துவார். ஒரு கமிட்டில் ஒரு மாற்றம் என்ற விதி முதல் நாளே உடைந்துவிடும். திருத்தும் வசதியை ஓட்டியபின் வருவதை மட்டும் ஒரு தனிக் கமிட்டாக இடுங்கள். கையால் திருத்த வேண்டியவற்றை அதில் கலக்காதீர்கள். அந்தக் கமிட்டுக்கு முன்னும் பின்னும் அதே அலகுச் சோதனைகள் வெற்றி பெற வேண்டும். இயன்றால் ஒரு சர்வரின் கேட்டலாக்கை முன்னும் பின்னும் தொகுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நடை மட்டும் மாறியிருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

பிளேம் பற்றிய அச்சத்துக்குத் தீர்வு இருக்கிறது. 2019-இல் வந்த கிட் 2.23 முதல், குறிப்பிட்ட கமிட்களைப் பிளேம் பொருட்படுத்தாமல் தாண்டிச் செல்லும்படி சொல்ல முடியும். தாண்ட வேண்டிய கமிட்டின் முழு அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் களஞ்சியத்தின் மேல்மட்ட அடைவில் வைத்துவிடுங்கள். அதற்கென வழக்கத்தில் உள்ள பெயரை வைத்தால் கிட்ஹப்பின் பிளேம் பக்கமும் அதை மதிக்கும். தம் கணினியில் பயன்படுத்துபவர் கிட் அமைப்பில் அந்தக் கோப்பை ஒரு முறை சுட்ட வேண்டும். அதற்கான கட்டளையை வழிகாட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் கமிட்டை ஸ்குவாஷ் அல்லது ரீபேஸ் முறையில் ஏற்றால் அதன் அடையாள எண் மாறிவிடும். ஆகவே முதன்மைக் கிளையில் ஏற்றி முடித்த பிறகு, அங்கே உள்ள எண்ணை எடுத்து அடுத்த கமிட்டில் அந்தக் கோப்பைச் சேருங்கள்.